சுங்கானுக்கு வட்டி

நூற்றி எண்பது திர்ஹத்துக்கு
ரொஸ்திஸ்லாவ் என்னிடம் அடகு வைத்தது
ஒரு சுங்கான்.

முதலாளி கைவிட்ட கப்பல்.
அஜ்மானுக்கு வெளியே நாலு மைலில்
நங்கூரம் போட்டு ஏழாவது மாதம்.
நான் தண்ணீர்ப் படகில் கணக்கெழுதுகிறவன்:
குடிநீர் பத்து டன், அரிசி, வெங்காயம்,
தேதி, கையெழுத்து.
வீட்டுக்குப் பேச போன் கார்டு கேட்டான்.
கொடுத்தேன். சும்மா வாங்கமாட்டேன் என்று
கயிற்று வாளியில் இதை இறக்கினான்.

கரியைப் போல் கறுப்பு.
கரி இல்லை, மரம்.
சேற்றுக்குள் ஐயாயிரம் வருஷம் கிடந்த ஓக் என்று
ரசீதின் பின்பக்கத்தில் எழுதியிருந்தான்.
கீழே நிபந்தனைகள்:

வாரம் ஒருமுறை பிடி, சும்மா வைக்காதே.
சூடாக இருக்கையில் தண்டைக் கழற்றாதே.
உறிஞ்சாதே.
தூங்குகிறவன் மூச்சு விடுகிற மாதிரி விடு.
உள்ளே கரி படியட்டும், காசு தடிமனுக்கு மேல் வேண்டாம்.
ஏசி காற்றுக்கு நேரே வைத்தால் வெடிக்கும்.

அடகுப் பொருளை ஆளக்கூடாது என்பதுதான்
நான் அறிந்த நியாயம்.
கொலுசைப் பிடித்து வைத்தவன்
தன் வீட்டுக் காலில் மாட்டுவானா?
இதற்கோ
ஆள்வதுதான் வட்டி.

எனக்குத் தெரிந்த புகையிலை
ஷீஷா கடையின் இரட்டை ஆப்பிள்.
வெல்லப்பாகு சொட்டச் சொட்ட
கட்டைவிரலால் அடைத்துப் பற்றவைத்தேன்.
ரசம் கொதிக்கிற சத்தம்.
நாக்கில் ஒரு கசப்பு, பேட்டரித் தண்ணீர் மாதிரி.
மேல் கட்டிலிலிருந்து செய்யது பாவா
"என்னடா, சோம்பு கருகுது" என்றான்.

மறுநாள் வயர்லெஸ்ஸில் உண்மையைச் சொன்னேன்.
சம்பள பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவன்
அன்று ரஷ்ய மொழியில் நெடுநேரம் பேசினான்.
பிறகு மெதுவாக, ஆங்கிலத்தில்:
ஸ்பிரிட்டில் துடை.

அறைக்குள் அந்த பாட்டில் வரக்கூடாது என்றான் பாவா.
காயத்துக்குப் போடுகிற மருந்துதானே என்றேன்.
காயம் எங்கே, காட்டு என்றான்.
கடைசியில் கஃபட்டேரியாவில் காபிச் சக்கை வாங்கி
வெயிலில் காயவைத்து
கிண்ணம் நிறைய அடைத்து இரண்டு இரவு.
தண்டுக்குள் விட
கம்பியில் சுற்றிய விளக்குத் திரி.
திரி வெளியே வந்தது
தேன் நிறத்தில், பிறகு தேநீர் நிறத்தில்,
ஐந்தாவது தடவை
கிட்டத்தட்ட வெள்ளை.

அப்புறம் நல்ல புகையிலை
அவனே வாளியில் இறக்கினான், இரண்டு சிட்டிகை,
தன் கடைசியில் பாதி.

வெள்ளிக்கிழமை ராத்திரி மொட்டைமாடி.
ஆகஸ்ட் காற்று ஈரத்துணியாய் முகத்தில் விழுகிறது.
தூரத்தில் எரிவாயுச் சுவாலை.
புதைந்ததை எடுத்து எரித்துத்தான்
இந்தக் கரை முழுக்க வெளிச்சம்.
இதுவும் புதைந்ததுதான்.
உள்ளே நெருப்பை வைத்தால்
கைக்குச் சூட்டைக் கொஞ்சம் கொடுத்துவிட்டு
சும்மா இருக்கிறது.
கடலில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு.
டீசல் தீர்ந்த இரவுகளில் அதுவும் இல்லை.

பதினோராம் மாதம் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது.
ஆட்களை இறக்கினார்கள்.
ஜெட்டியில் ஐந்து நிமிடம்,
நடுவில் இமிகிரேஷன்காரர் மணி பார்த்தபடி.
நான் நினைத்ததைவிடக் குள்ளம் ரொஸ்திஸ்லாவ்.
இத்தனை நாள் மேலிருந்து பார்த்தவன்.
நூற்றி எண்பதை எண்ணி வைத்தான்.
வேண்டாம் என்றதற்கு
இன்னொருமுறை எண்ணினான்.

சுங்கானை மூக்கருகில் கொண்டுபோனான்,
பற்றவைக்காமல் வெறுங்காற்றை இழுத்தான்.
"ஆப்பிள்" என்றான்.
சிரித்தானா, தெரியவில்லை.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
வேனில் ஏறினான்.

கடன் தீர்ந்தால் சீட்டைக் கிழிக்க வேண்டும்.
கிழிக்கப் போனேன்.
முன்பக்கத்தில்
குடிநீர் பத்து டன்.
அதற்கு இன்னும்
யாரும் பணம் கட்டவில்லை.